முள்ளுக்கு லீவு

சொல்லிவிடலாம், முதல் ஐந்து நிமிஷத்திலேயே சொல்லிவிடலாம், சாப்பிட்டாயா, அங்கே மழையா வெயிலா என்று கேட்டு முடிக்கிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி வரும், அதில் புகுந்துவிடலாம் என்று வடிவு காலையிலிருந்து ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது ஒரு தடவை, அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது மனசுக்குள் ஒரு தடவை. 'அண்ணா, அப்பாவுக்கு டிக்கெட் போடாதே.' நாலே வார்த்தை. நாலு வார்த்தை சொல்ல ஐம்பத்திரண்டு வயசுக்காரிக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? இதோ மணி ஆறு முப்பத்தெட்டு, கம்ப்யூட்டர் திரையில் இரண்டு கட்டங்களுக்குள் இரண்டு பேரும் வந்து உட்கார்ந்து எட்டு நிமிஷம் ஓடிவிட்டது, அந்த இடைவெளி வந்ததா, வந்துவிட்டுப் போனதா என்றே தெரியவில்லை, அதற்குள் அண்ணன் குமரகுரு ஒரு சினிமாவுக்குள் நுழைந்துவிட்டான். சினிமாவுக்குள் போனவனை வெளியே இழுத்து வருவது லேசுப்பட்ட காரியமா? லண்டனுக்குப் பக்கத்தில் அவன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது, நிதானமாகப் பல் குத்திக்கொண்டே பேசினான். தம்பி நலங்கிள்ளிக்கு நியூ ஜெர்சியில் காலை ஒன்பது மணி, கையில் வாளி மாதிரி ஒரு காபிக் கோப்பை. இங்கே தில்லை நகரில், மூன்றாவது மாடியில், சோபாவில் அவளை ஒட்டி அப்பா தெய்வநாயகம், இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, போட்டோ எடுக்க உட்கார வைத்த மாதிரி. நாற்பது நிமிஷம்தான் கணக்கு. இலவசமாகக் கிடைக்கிற வீடியோ அழைப்பு, நாற்பதாவது நிமிஷம் தானாகவே அறுந்துவிடும். நீட்டிக்க வழி இருக்கிறது என்று கிள்ளி ஒரு சமயம் சொன்னபோது அப்பாதான் வேண்டாம் என்றார். "வண்டி எத்தனை நிமிஷம் நிக்கும்னு தெரிஞ்சாத்தான்டா வழியனுப்ப வந்தவன் பேச்சை முடிப்பான்." அன்றிலிருந்து அது வீட்டுச் சட்டம். அறுந்தால் அறுந்ததுதான், மறுபடி கூப்பிடுவதில்லை, மிச்சம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு. ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை இது தாங்காது, குரு இன்று ராத்திரிக்குள் லண்டனுக்கு டிக்கெட் போட்டுவிடுவேன் என்று வந்ததுமே சொல்லிவிட்டான். சக்கர நாற்காலி உதவிக்கும் சேர்த்துப் பதிந்துவிட்டால் அப்பா தனியாகவே வந்துவிடலாமாம். தனியாக. நடுவில் ஓர் ஊரில் இறங்கி விமானம் மாறி.

குரு பார்த்தது புதுசாக வந்திருக்கிற ஒரு பிரிட்டிஷ் படம். சாவு வீட்டில் நடக்கிற கதை. பெட்டி மாறி வந்துவிடுகிறது, உள்ளே இருப்பது வேறு யாரோ. வந்திருக்கிற அத்தனை பேருக்கும் அது தெரிந்துவிடுகிறது, ஆனால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை, அது மரியாதையாக இருக்காதாம். முன்பின் தெரியாத ஒரு பிணத்தைப் புகழ்ந்து நாலு வார்த்தை பேசி, அழுது, அடக்கம் பண்ணிவிட்டு எல்லாரும் டீ குடிக்கப் போகிறார்கள். "ஒருத்தன் சிரிக்க மாட்டான்டா. படம் பூரா ஒரு பய சிரிக்க மாட்டான். நமக்கு இங்க வயிறு வலிக்கும்." கிள்ளிக்கு அதெல்லாம் ஆகாது. "பக்கத்துல இருக்கிறவனே சிரிக்கலேன்னா அது என்னண்ணா காமெடி? நேத்து நான் பார்த்தேன் ஒண்ணு, வேலை போனவன் ஒருத்தன், பையனுக்குத் தெரியாம கோமாளி வேஷம் போட்டுப் பொறந்த நாள் வீடு வீடாப் போறான். விழறான், எழறான், மேல கேக்கைக் கொட்டுறாங்க. கடைசில அவன் பையனோட ஃப்ரெண்டு வீட்டுக்கே போக வேண்டி வருது. பையன் பார்த்துடுறான். பார்த்துட்டு ஓடி வந்து கட்டிப்பிடிச்சுக்கிறான். நான் அழுதுட்டேன், அக்கா." அமெரிக்காக்காரன் தோற்றவனைக் கடைசியில் தூக்கி நிறுத்திவிடுவான், பிரிட்டிஷ்காரன் விழுந்தவனை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுவான், என்று குரு தீர்ப்புச் சொன்னான். அப்புறம் நம்ம ஊர்ப் படம் ஒன்று வந்து மாட்டிக்கொண்டது, மூன்று மணி நேரம் துப்பாக்கி, கடைசியில் மீதிக் கதை அடுத்த பாகத்தில் என்று போட்டானாம், இருவரும் அதை மாறி மாறி மிதித்தார்கள். வடிவு திரையின் மூலையில் மணியைப் பார்த்தாள். ஆறு நாற்பத்தாறு. இவர்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பொறாமையாக இருந்தது அவளுக்கு. அந்தச் சாவு வீட்டுப் படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டும் போலவும் இருந்தது, பெட்டி மாறியது தெரிந்தும் பேசாமல் நின்றவர்களில் யாராவது ஒருத்திக்காவது தொண்டை அடைத்ததா, அதைக் காட்டினார்களா என்று. கேட்கவில்லை. பக்கத்தில் அப்பா துண்டின் நுனியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் கை சோப்பு வாசனை அடித்தது. இன்றைக்கு மூன்று தடவை கழுவியிருக்கிறார்.

அப்பா சொல்ல ஆரம்பித்தால் இந்த இரண்டு தேசமும் எம்மாத்திரம். பொன்மலை ரயில்வே பணிமனையில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக முப்பத்தாறு வருஷம், அங்கே அவர் பேச்சைக் கேட்கவே மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலு பேர் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வருவார்களாம். முகத்தில் ஒரு சுருக்கம் விழாது. குடும்பத்தோடு படம் பார்த்துவிட்டு வெளியே வந்தால் தியேட்டர் வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம், அதுதான் விமர்சனம். ஹீரோ தன் அப்பாவைக் கொன்றவனைத் தேடிக் கடைசிக் காட்சியில் பிடிக்கிற படம் ஒன்று, கூட்டமே மூக்கைச் சிந்திக்கொண்டு வருகிறது, இவர் செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "அவனை இடைவேளையிலேயே பிடிச்சிருந்தா நாம எட்டரை பஸ்ஸைப் பிடிச்சிருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்தபடி, "நிஜமாத்தான் சொல்றேன்" என்பார். எப்போதும் அது உண்டு. ஜோக்குக்கு வைக்கிற முத்திரை அது. அதைக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கே சில சமயம் சிரிப்பு வரும், ஓகோ, இவ்வளவு நேரம் விளையாடினீங்களா என்று. வடிவு கல்யாணம் ஆகிப் போய் மூன்றே வருஷத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்து வாசலில் நின்ற அன்றைக்கு, அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், இவர் பேப்பரை இறக்கினார், அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "வண்டி மூணு வருஷம் லேட்டு. சாப்பாடு ஆறிப்போச்சு, சூடு பண்ணச் சொல்றேன். நிஜமாத்தான் சொல்றேன்." அவ்வளவுதான். ஏன், எதற்கு, அவன் என்ன செய்தான், நீ என்ன செய்தாய் என்று ஒரு கேள்வி, அன்றைக்கும் இல்லை, அதற்கப்புறம் இருபத்தைந்து வருஷத்தில் ஒருநாளும் இல்லை. அன்று அந்த ஆறிய சோற்றைச் சூடு பண்ணிப் போட்டபோது அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். அது பிரிட்டிஷா, அமெரிக்காவா? போங்கடா. அது அவள் உயிரைப் பிடித்து நிறுத்திய பேச்சு. இத்தனையும் நினைத்து முடிப்பதற்குள் ஆறு ஐம்பது.

"அப்பா, நீங்க சொல்லுங்க. நீங்க பிரிட்டிஷ் கட்சியா, அமெரிக்கன் கட்சியா?" கிள்ளி கோப்பையை வைத்துவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். அப்பா நிமிர்ந்தார். இரண்டு கட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தார். புதுசாகக் குடிவந்தவர்களிடம் பேசுகிற மரியாதையோடு லேசாகத் தலையைச் சாய்த்து, "தம்பி ரெண்டு பேருக்கும் எந்த ஊரு?" என்றார். அவ்வளவுதான், வெளிப்பட்டுவிட்டது, இனி நான் சொல்லவே வேண்டாம் என்று வடிவுக்கு ஒரு கணம் நிம்மதிகூட எட்டிப் பார்த்தது, அந்த ஒரு கணம்தான். இரண்டு கட்டங்களும் வெடித்துச் சிரித்தன. குரு மேஜையைத் தட்டினான், கிள்ளி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். "பார்த்தியாடா, முகத்துல ஒரு அசைவு உண்டா? இதுதான்டா பிரிட்டிஷ்! எண்பத்தி ஒரு வயசுல என்ன டைமிங்!" "இல்லண்ணா, கேட்டுட்டு இப்பச் சிரிக்கிறார் பாரு, கூடச் சேர்ந்து சிரிக்கிறார் பாரு, அது எங்க கட்சி." ஆமாம், அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். எதிரில் இருப்பவர்கள் சிரித்தால் அவரும் சிரிப்பார், நிறுத்தினால் நிறுத்துவார், இப்போதெல்லாம் அப்படித்தான். நாற்பது வருஷம் சிரிக்காமலே சிரிக்க வைத்தவர் இன்று அடுத்தவன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார் என்பது அவர் பெற்ற பிள்ளைகளுக்கு உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. எப்படி உறைக்கும்? போன வாரம் "அம்மா கடைக்குப் போயிருக்கா" என்றார், அம்மா போய் ஒன்பது வருஷம், இருவரும் "அப்பா இப்பிடிப் பேசித்தான் மனசைத் தேத்திக்கிறார்" என்று அதற்கும் அர்த்தம் கண்டுபிடித்தார்கள். வேறு எந்த வீட்டிலாவது அப்பா மகனைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டால் மகன் நடுங்கிப் போவான். இந்த வீட்டில் கைதட்டுகிறார்கள். யாரைக் குறை சொல்ல? அவரே பழக்கி வைத்தது.

டாக்டரும் சிரித்தார். இரண்டு மாசத்துக்கு முன்னால், மூளை நரம்பு டாக்டர், சின்ன வயசுக்காரர், ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னார். அப்பா வட்டம் போட்டார், நல்ல வட்டம், ஸ்டோர்ஸ் கையெழுத்தில் எண்கள் எல்லாம் எழுதினார், ஏழிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே பக்கத்தில் நெருக்கிக்கொண்டு. பிறகு பேனாவை வைத்துவிட்டார். முள் எங்கே ஐயா என்றார் டாக்டர். அப்பா தாளைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார், வடிவுக்கு மட்டும் தெரிந்தது அவர் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது, பிறகு, "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. முள்ளுக்கு லீவு" என்றார். அன்று புதன்கிழமை. டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார், சிரித்துவிட்டுக் குனிந்து நீளமாக எழுதினார். அந்தத் தாளும் அவர் எழுதியதும் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் தீர்ந்தது, ஆனால் அன்றைக்குத் திரும்பி வருகிற ஆட்டோவில், சாலை ரோடு சிக்னலில் நின்றபோது, அப்பா தெளிவாக, பழைய அப்பாவாக, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பசங்களுக்குத் தெரிய வேண்டாம், வடிவு. அவங்க சிரிச்சிட்டிருக்கட்டும்" என்றார். அவள் காத்திருந்தாள், கண்ணாடியைக் கழற்றுவார், நிஜமாத்தான் சொல்றேன் என்பார் என்று. பச்சை விழுந்தது, ஆட்டோ கிளம்பியது, அவர் சொல்லவில்லை. அதனால்தான் அவளுக்கு அது நிஜம் என்று தெரிந்தது. சரிப்பா என்று சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருப்பதற்கு அந்த வாக்கு ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு, அதைத் தனக்குத் தானே ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. குரு முதல் தடவை, அப்பா ஆறு மாசம் லண்டனில் தன்னோடு இருக்கட்டும் என்றபோது அவள் உடம்பு முழுக்க ஒரு தூக்கம் பரவியது. ஆறு மாசம். ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில் வைக்காமல், இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கும்போது போன் அடித்தால் பதறாமல், பகலில் அவரைப் பார்த்துக்கொள்கிற அம்மாளிடம் கெஞ்சாமல். போகட்டும் என்று நினைத்தாள். இரண்டு வாரம் முழுக்க நினைத்தாள், நினைத்ததால்தான் வாய் திறக்கவில்லை. அதற்கு அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு என்று பெயர் வைத்துக்கொண்டாள்.

போன செவ்வாய்க்கிழமை அந்த நினைப்பு போயிற்று. அப்பா பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார், திறக்கத் தெரியவில்லை. ஒரு மணி நேரம். அவள் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "மேல தூக்கி இந்தப் பக்கம் தள்ளுங்கப்பா, கட்டையைத் தொடுங்க, அதுதான், அதுதான்பா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள், உள்ளே அவர் சுவரைத் தட்டுகிற சத்தம், குழாயைத் திறந்து மூடுகிற சத்தம், பிறகு மெல்லிய குரலில், "உள்ள ஆள் இருக்கு. உள்ள ஆள் இருக்கு." இதை குருவிடம் சொன்னால் சிரிப்பான். கேட்பதற்குச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. விமானத்தில் அந்தக் குறுகின கழிப்பறை, மடங்குகிற கதவு, வெளியே கன்னத்தை வைக்க யார் இருப்பார்கள்? நடுவில் இறங்குகிற ஊரில் யாரோ ஒரு சீருடைக்காரன் சக்கர நாற்காலியை ஒரு தூணோரமாக நிறுத்திவிட்டு இதோ வருகிறேன் என்று போவான், அப்பா எழுந்து நடப்பார், பொன்மலைக்கு ஷிப்ட் வண்டி எந்த பிளாட்பாரம் என்று கேட்பார், யாரோ சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். புதன்கிழமை ஆபீசிலிருந்து குருவைக் கூப்பிட்டாள், மீட்டிங், ஞாயித்துக்கிழமை பேசலாம் என்று வைத்துவிட்டான். கிள்ளியைக் கூப்பிட்டு அப்பாவுக்கு மறதி ஜாஸ்தியாகிவிட்டது என்றாள். "அக்கா, நானே நேத்து காரை எங்க நிறுத்துனேன்னு தெரியாம முக்கால் மணி நேரம் சுத்துனேன்" என்று ஆரம்பித்து, ஒரு கிழவர் வந்து உதவி பண்ணினதில் கொண்டுபோய் நல்லபடியாக முடித்தான். அவன் கட்சி அப்படி. அவன் சொல்கிற எதுவும் நல்லபடியாகவே முடியும்.

ஏழு எட்டு. திரையில் சிவப்பாக இன்னும் இரண்டு நிமிஷம் என்று வந்தது. இந்தச் சிவப்பைப் பார்த்ததும் எல்லாரும் அவசரமாக முடித்துக்கொள்வது வழக்கம், ரயில் ஊதியதும் ஜன்னல் வழியாகக் கையைப் பிடித்துக்கொள்வது மாதிரி. "சரிப்பா, டிக்கெட்டைப் போட்டுட்டு அனுப்புறேன், வடிவு நீ மாத்திரையெல்லாம் ஆறு மாசத்துக்கு வாங்கி வெச்சிரு," என்றான் குரு. இப்போது. இப்போதே. அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், இருக்கட்டும். "அண்ணா," என்றாள். குரல் தடுமாறினால் அழுதுவிடுவோம் என்று பயந்து முகத்தை இறுக்கிக்கொண்டாள், கல் மாதிரி வைத்துக்கொண்டாள், ஆபீசில் பாலிசி விதிமுறை வாசித்துக் காட்டுகிற குரலில் சொன்னாள். "அண்ணா, அப்பாவுக்கு டிக்கெட் போடாதே. அப்பாவுக்கு நீங்க ரெண்டு பேரும் யாருன்னு தெரியல. அவருக்கு நீங்க டிவியில வர்ற ஆளுங்க மாதிரிதான்." ஒரு நொடி. இரண்டு கட்டங்களிலும் முகங்கள் அசையவில்லை, இணைப்புத்தான் நின்றுவிட்டதோ என்று தோன்றியது. ஐயோ, கேட்டுவிட்டார்கள், புரிந்துவிட்டது என்று அவள் மூச்சு விடப் போன அந்த இடத்தில் குரு பக்கென்று சிரித்தான். "டேய் கிள்ளி! டிவியில வர்ற ஆளுங்களாம்டா நாம! அப்படியே அப்பா! முகத்தைப் பாரு, அப்படியே அப்பா!" கிள்ளி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, இத்தனை வருஷம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தே இதை? அண்ணா, சரி, ஒத்துக்கிறேன், நம்ம குடும்பம் பிரிட்டிஷ்தான்." "இல்லடா, இல்ல, கேளு," என்றாள், கையை ஆட்டினாள், என்ன சொல்ல, எப்படிச் சொன்னால் இது விளையாட்டு இல்லை என்று ஆகும், நாக்கு தேடியது, தேடி, அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த நாக்கு, தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தையை எடுத்து நீட்டியது. "நிஜமாத்தான் சொல்றேன்." அவ்வளவுதான். கூரை பிய்த்துக்கொண்டு போனது. குரு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான், அவன் வயிறு மட்டும் திரையில் குலுங்கியது. பக்கத்தில் அப்பாவும் தோள் குலுங்கச் சிரித்தார். இவள் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்தது.

அறுந்தால் மறுபடி கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாள். குரு எடுக்கவில்லை, கிள்ளியின் போன் பிஸி, இருவரும் ஒருவரோடொருவர் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். வீட்டில் திடீரென்று மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. கீழே யாரோ ஸ்கூட்டர் நிறுத்தினார்கள். ஐந்து நிமிஷத்தில் போன் ஒரு தடவை அதிர்ந்தது. குடும்பக் குழுவில் குரு டிக்கெட்டை அனுப்பியிருந்தான், பதினேழாம் தேதி, ஜன்னலோர இருக்கை, கீழே ஒரு வரி, டிவியில் வர்றவங்க அனுப்பினது, கண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை முகம் ஆறு. பீரோவைத் திறக்க வேண்டும், புடவைகளுக்கு அடியில் கை விட வேண்டும், அந்த முள்ளில்லாத கடிகாரத்தைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அதைப் பார்த்தும் சிரித்தால்? அப்பா அவள் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு விருந்து முடிந்த திருப்தி இருந்தது. "நல்ல பசங்க," என்றார். "நல்லா சிரிக்கிறாங்க. யாரு வீட்டுப் பசங்க?" அவளிடம் வாக்கு வாங்கியவருக்கே அதை யாருக்காக வாங்கினோம் என்பது மறந்துபோய்விட்டது. அப்பா கண்ணாடியைக் கழற்றினார். துண்டின் நுனியை எடுத்தார், ஒவ்வொரு சில்லாகத் துடைத்தார், வழக்கம்போல, பொறுமையாக. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள், அப்பா, அப்பா, விளையாட்டுத்தானே, இரண்டு மாசமாக எங்களை வைத்து விளையாடினீர்கள்தானே, சொல்லுங்கள் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. "நிஜமாத்தான் சொல்றேன்," என்றார் அப்பா. "அவங்களைப் பெத்தவங்க குடுத்து வெச்சவங்கம்மா." இத்தனை வருஷப் பழக்கம், அந்த முத்திரையைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அவர் அவள் முகத்தையே கவனமாகப் பார்த்தார், பார்த்துவிட்டு அவரும் சிரித்தார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்ட ஆரம்பித்தபோது சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் நிறுத்திக்கொண்டார்.